தாராவி படிப்பு மையம்: பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், டிசைன் திங்கிங் உதவுமா?

தொண்ணூறடி_ரோடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். பன்னிரண்டு வருடமாக இங்கே ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணி பார்க்கிறேன். எட்டிலிருந்து பத்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை ஆறிலிருந்து எட்டு வரை படிப்பு மையம் நடத்துகிறோம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், இந்தி மீடியம் பிள்ளைகளும் வருகிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் இதேதான் நடக்கிறது. ஜூனில் ஆணும் பெண்ணும் சரிபாதியாகச் சேருவார்கள். தீபாவளிக்குள் பெண்பிள்ளைகளில் பாதிக்குமேல் நின்றுவிடுவார்கள். பையன்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

போன வருடம் எங்களுக்குப் பணம் தரும் கம்பெனி ஒன்று, 'இந்தப் பிரச்சினைக்கு டிசைன் திங்கிங் (வடிவமைப்புச் சிந்தனை) முறையில் தீர்வு காணுங்கள்' என்று இரண்டு நாள் பயிற்சி ஏற்பாடு செய்தது. அந்தேரியில் ஒரு ஹோட்டல், குளிர்சாதன அறை, சுவர் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுத்தாள். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். என்னோடு வந்த நான்கு களப்பணியாளர் அக்காக்களும் இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. சந்து சந்தாக ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள்தான். கடைசியில் 'பிள்ளைகளுக்கு ஊக்கம் குறைவு' என்று முடிவாகி, ஊக்கப்படுத்த ஒரு செல்போன் செயலி செய்யலாம் என்றார்கள். செய்தோம். மூன்று மாதத்தில் ஒருவரும் அதைத் திறக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் ஏது போன்? வீட்டில் இருப்பது அப்பாவுடையதோ அண்ணனுடையதோ. அதுவும் அவர்கள் சட்டைப் பையில்.

இந்த வருடமும் அதே பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். போகமாட்டேன் என்றால் பணம் நிற்குமோ என்று பயம். போனால் அந்த அக்காக்களை மறுபடி அந்த அறையில் ஊமையாக உட்கார வைக்க வேண்டும். இந்த முறையில் நிஜமாகவே சரக்கு இருக்கிறதா, இல்லை பேர்தான் பெரிதா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பூர்க்காரன்

அக்கா, நான் பவாய் ஐஐடியின் ஐடிசியில் படித்த வடிவமைப்பாளன். உங்கள் பதிவைப் படித்து மனது கஷ்டமாகிவிட்டது. உங்களுக்கு நடந்தது அந்த முறையே இல்லை, அதன் மேல்தோல் மட்டும்தான்.

'வடிவமைப்பது என்பதே ஒரு வகைச் சிந்தனை' என்ற பேச்சு பழையது, ஹெர்பர்ட் சைமன் 1969-லேயே அதை எழுதிவிட்டார். பிறகு கலிஃபோர்னியாவில் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டின் டி-ஸ்கூலும் அதைப் பலரும் கற்கக்கூடிய ஒரு முறையாக்கின. மக்களோடு இருந்து பார், பிரச்சினை என்னவென்று உன் வார்த்தையில் மறுபடி சொல், பல வழிகளை யோசி, மலிவாக ஒரு மாதிரி செய், அதை அவர்கள் கையில் கொடுத்துப் பார் என்று ஐந்து படி சொல்வார்கள். ஏணி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டியதில்லை, முன்னும் பின்னும் போய்வரலாம்.

தொண்டு நிறுவனங்களுக்கு இது ஏன் வேண்டும் என்று ஐடியோவின் டிம் பிரவுனும் ஜோசலின் வையட்டும் 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் கதையோடு தொடங்கும். அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நல்ல சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, விலையும் கட்டுபடியாகிறது. ஆனாலும் எந்நேரமும் திறந்திருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுக்கிறார், குடும்பம் அவ்வப்போது நோயில் விழுகிறது. காரணம் என்ன தெரியுமா? நிலையத்தில் கொடுக்கும் கேன் ஏறக்குறைய இருபது லிட்டர். அதை இடுப்பிலும் வைக்க முடியாது, தலையிலும் தூக்க முடியாது. கணவர் வேலைக்கு நகரத்துக்குப் போய்விடுகிறார். போதாததற்குத் தினமும் ஒரு கேன் என்று மாதத்துக்குச் சேர்த்து அட்டை வாங்க வேண்டும், அந்த வீட்டுக்கோ அவ்வளவு தண்ணீர் தேவையே இல்லை.

தண்ணீரைச் சுத்தப்படுத்தும் எந்திரத்தில் குறையே கிடையாது. எல்லாம் சரியாகச் செய்தவர்கள் அந்தப் பெண் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதை மட்டும் நின்று பார்க்கவில்லை.

நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். உங்கள் மையத்தில் அந்த 'இருபது லிட்டர் கேன்' எது? அது அந்தேரி ஹோட்டலில் கிடைக்காது. பெண்பிள்ளைகளின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று யாராவது கூடவே இருந்து பார்த்திருக்கிறீர்களா?

தொண்ணூறடி_ரோடு

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். பார்த்ததில்லை. நானும் இங்கேயே வளர்ந்தவள், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. ஒரு கணக்கெடுப்பு மட்டும் செய்தோம். 'ஏன் நின்றாய்?' என்று கேட்டு நான்கு பதில் கொடுத்து டிக் போடச் சொன்னோம். 'விருப்பமில்லை' என்பதுதான் அதிகம் வந்தது. கேட்கப் போனவர் எங்கள் ஆபீஸ் பையன்.

சீட்டா_கேம்ப்

மகளே, நான் எழுபதைத் தாண்டியவன். தச்சுவேலை பார்த்தவன். மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனியில் இருந்தோம். எமர்ஜென்சியில், 1976-ல், அதை இடித்து எங்களை சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அந்தக் காலனியை இடிக்கவிடாமல் வருடக்கணக்காகப் போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புக்கு பம்பாய் வந்த தமிழர், அவரும் தச்சுவேலை தெரிந்தவர். பிறகு தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார்.

நீங்கள் அமெரிக்கா பெயர் சொல்கிற விஷயத்தை நான் பைகுல்லா நடைபாதையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1985-ல் ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தது, சுமார் 6,000 குடும்பம். அதே வருடம்தான் நடைபாதைவாசிகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, எப்போது இடிப்பார்களோ என்று எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் மகிளா மிலன். ஒருநாள் வீடு வேண்டும் என்று கேட்கப்போகிறோம், எப்படிப்பட்ட வீடு வேண்டுமென்று நமக்கே தெரியவேண்டாமா என்று உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கும் பிளான் படிக்கத் தெரியாது. சேலையை அளவுகோலாக வைத்தார்கள். சேலை எத்தனை முழம் என்று எல்லாப் பெண்ணுக்கும் தெரியுமே.

பிறகு கட்டையும் துணியும் அட்டையும் வைத்து நிஜ அளவில் ஒரு வீட்டை நிறுத்தினார்கள். நானும் ஆணி அடித்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் உள்ளே நுழைந்து பார்த்தார்கள். ஒரு பெண் படுத்துப் பார்ப்பாள், கால் நீட்ட முடியவில்லை என்பாள். இன்னொருத்தி அடுப்பு எங்கே என்பாள். இப்படிப் பேசிப் பேசித்தான் பதினான்கு அடி உயரத்தில் சுவர், நடுவில் பரண் என்று முடிவுக்கு வந்தார்கள். இடம் அதே அளவுதான், ஆனால் மேலே ஒரு குடும்பம் படுக்கலாம். எந்த என்ஜினியரும் எங்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

கழிப்பிடத்திலும் அதேதான் நடந்தது. பழைய பொதுக் கழிப்பிடத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்றால் பெரியவர்கள் தள்ளிவிட்டுப் போவார்கள். உள்ளே இருட்டு, குழி பெரிசு, பிள்ளை விழுந்துவிடுவோமென்று பயப்படும். அதனால் சாக்கடை ஓரத்தில் உட்காரும். 'பிள்ளைகளுக்குத் தனியாகக் கட்டு, குழி சின்னதாக இருக்கட்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வை' என்றது தாய்மார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி வரிசை, காவல்காரர் குடும்பத்தோடு தங்க ஓர் அறை, எல்லாமே அவர்கள் சொன்னதுதான். 1999-ல் புனே மாநகராட்சி கழிப்பிடம் கட்டும் வேலையைத் தொண்டு நிறுவனங்களிடம் கொடுத்தபோது இந்த மாதிரியில்தான் ஸ்பார்க்கும் மகிளா மிலனும் நிறையக் கட்டினார்கள். பிறகு மும்பையிலும் வந்தது.

கணக்கெடுப்பும் அவர்களே, அளப்பதும் அவர்களே, பார்த்துத் திருத்துவதும் அவர்களே. நீ அந்த ஹோட்டலுக்குப் போவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி மகளே. பென்சில் யார் கையில் இருக்கிறது என்று பார்.

அந்தேரி_கிழக்கு

எல்லாரும் ஹோட்டலைத் திட்டுவதால் நானே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவில், அதாவது சமூக வேலைக்குக் கம்பெனி தரும் பணத்தைப் பார்க்கும் பிரிவில், இருக்கிறேன் (மேலே சொன்ன கம்பெனி அல்ல). பெரியவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் போர்டுக்கு மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு வேண்டும். 'ஆறு மாதம் மக்களோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறோம், என்ன செய்வோம் என்று இப்போது தெரியாது' என்று ஒரு விண்ணப்பம் வந்தால் அதற்கு நான் கையெழுத்து வாங்க முடியாது. 'இத்தனை பேருக்குப் பயிற்சி' என்றால் உடனே வாங்கிவிடலாம். அதனால்தான் எல்லாரும் பயிற்சி என்று எழுதுகிறார்கள், நாங்களும் அதையே வாங்குகிறோம். இதை மாற்ற எனக்கு ஆசைதான். எப்படி என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சயான்_பேரேடு

இதற்கு நான் பதில் சொல்லலாம். சயான், மாட்டுங்கா பக்கம் பத்துப் பன்னிரண்டு தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கிறேன்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பலர் படிக்காமல் விடுகிற இடம் இரண்டு இருக்கிறது.

முதலாவது, 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது' என்ற விதி. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையைப் பொதுவாக நிர்வகிக்கும் செலவுக்கான வரம்பு. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது. 'வடிவமைக்க' என்ற சொல்லே விதியில் இருக்கிறது! அக்காக்கள் சந்தில் சுற்றும் மூன்று மாதச் சம்பளத்தை நிர்வாகம் என்ற தலைப்பில் போட்டுவிட்டுத் திண்டாடுகிறார்கள். திட்டச் செலவில் போடுங்கள்.

இரண்டாவது, 'தொடர் திட்டம்'. ஆரம்பிக்கிற வருடம் போக மூன்று வருடம் வரை நீட்டலாம். செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். ஆகவே அந்தேரி நண்பரே, மார்ச் 31 என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுவர் இல்லை. ஒப்பந்தத்தில் முதல் நான்கு மாதத்தை 'கற்றல் காலம்' என்று எழுதுங்கள். அந்த நான்கு மாதத்தில் என்ன தருவார்கள் என்பதையும் எழுதுங்கள்: எத்தனை வீட்டில் உட்கார்ந்தார்கள், எத்தனை வெள்ளோட்டம் விட்டார்கள், எதைக் கைவிட்டார்கள், ஏன். இதையெல்லாம் எண்ண முடியும், போர்டிலும் காட்ட முடியும்.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்கள் பாடுதான் கஷ்டம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவு வரம்பு 50-லிருந்து 20 சதவீதமானது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் முடியாது. முன்பெல்லாம் பெரிய அமைப்பு வாங்கி, சந்துக்குள் வேலை செய்கிற சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். புதிதாக ஏதாவது முயன்று பார்க்கிறவர்கள் அந்தச் சின்னக் குழுக்கள்தான். அந்த வழி அடைபட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது.

செம்பூர்க்காரன்

பெரியவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை, ஐஐடியில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்ற வருத்தம்தான். ஆனால் 'நம்மிடம் எல்லாம் இருந்தது, வெளியிலிருந்து வந்தது வெறும் பேர்' என்று முடித்துவிடவும் மனம் ஒப்பவில்லை. பழகிய கண்ணுக்குத் தெரியாதது புதுக் கண்ணுக்குத் தெரியும் என்பதும் உண்மைதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்கள் சிலருக்கு 'விலை குறைந்த இன்குபேட்டர் செய்யுங்கள்' என்று வேலை கொடுத்தார்கள். நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் சும்மா கிடக்கிறது. குறைமாதக் குழந்தைகள் பிறப்பதோ தூரத்துக் கிராமங்களில், ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதே இல்லை. கேள்வியையே மாற்றினார்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் தாய் குழந்தையை எப்படிக் கதகதப்பாக வைப்பாள்? அதிலிருந்து வந்ததுதான் எம்ப்ரேஸ், சின்ன உறைப்பை மாதிரி ஒன்று. மெழுகு போன்ற பொருள் அடைத்த பட்டையைச் சூடாக்கி உள்ளே வைத்தால் மணிக்கணக்கில் ஒரே வெப்பம் நிற்கும். பிறகு பெங்களூருக்கே வந்து உட்கார்ந்து அதை மேம்படுத்தினார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. வெப்பத்தைக் காட்டும் எண் பட்டையை ஒரு கிராமத்துத் தாயிடம் காட்டியிருக்கிறார்கள். 37 டிகிரிக்குச் சூடாக்கச் சொன்னால் 30 மட்டும்தான் வைப்பேன் என்றாராம். இங்கிலீஷ் மருந்து வீரியம் அதிகம், குழந்தைக்குக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய அனுபவ அறிவு. எண்ணையே எடுத்துவிட்டு 'சரி', 'சரியில்லை' என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். அந்தத் தாய்க்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் குழந்தைகள் குளிரில் போயிருக்கும்.

அக்கா, ஒட்டுத்தாளை வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழில் எழுதுங்கள், படம் வரையுங்கள், அக்காக்கள் எழுதட்டும். எழுத வராத தாய்மாருக்குப் புளியங்கொட்டையை வைத்து 'இது எவ்வளவு கஷ்டம், அத்தனை கொட்டை வை' என்று கேளுங்கள்.

தொண்ணூறடி_ரோடு

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவு நாளும் இதே வேலைதான்.

பயிற்சிக்குப் போகவில்லை. இங்கே சயான் சார் எழுதியதை அச்செடுத்துக்கொண்டு போய்க் கம்பெனிக்காரர்களிடம் காட்டினேன். அந்தப் பயிற்சிக்கு ஆகும் தொகையில் ஒரு பகுதியைக் கொடுங்கள், இரண்டு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். ஆச்சரியம், ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு தாய்மார், நின்றுபோன மூன்று பெண்பிள்ளைகள், எங்கள் அக்காக்களில் இருவர், இவர்கள்தான் குழு. பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு நோட்டு. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து தூங்கும்வரை எத்தனை மணிக்கு என்ன செய்தாய் என்று ஒரு வாரம் எழுதச் சொன்னோம். நான் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒருநாள் அவர்கள் கூடவே சுற்றினேன்.

முதலில் தெரிந்தது தண்ணீர். அந்தச் சந்தில் ஐந்தரைக்குக் குழாயில் வரும், ஏழரை வரை ஓடும். அம்மா வேலையிலிருந்து திரும்பியிருக்கமாட்டாள். பிடித்து வைப்பது பெண்பிள்ளைதான். எங்கள் மையம் ஆறு மணிக்கு! பன்னிரண்டு வருடமாக இதே சந்தில் நடக்கிற எனக்கு இது உறைக்கவில்லை. என் வீட்டுக்குத் தண்ணீர் காலையில் வருவதால் நான் யோசித்ததே இல்லை.

இரண்டாவதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு பிள்ளையின் நோட்டில் ஒரு நாள்கூட மத்தியானத்துக்கு மேல் 'தண்ணீர் குடித்தேன்' என்ற வரியே இல்லை. சாப்பாடு, டீ எல்லாம் எழுதியவள் அதை மட்டும் எழுதவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்துக் கேட்டேன். மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மையத்துக்கு வந்துகொண்டிருந்தபோது மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார்களாம், இவளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எங்கள் மையத்தில் கழிப்பறை கிடையாது. பக்கத்துப் பொதுச் சண்டாஸுக்கு (கழிப்பிடத்துக்கு) போக வேண்டுமானால் காரம்போர்டு ஆடுகிற பையன்களைத் தாண்டிப் போகணும், இருட்டிவிட்டால் அம்மா இல்லாமல் போகமாட்டார்கள். மாதத்தில் அந்த ஐந்து நாள் வரவே வழியில்லை. ஐந்து நாள் விட்டால் கணக்கில் பாடம் தவறும், அப்புறம் வரக் கூச்சம், அதோடு நின்றுவிடுவது. இதைத்தான் ஆபீஸ் பையன் கொண்டுபோன தாளில் 'விருப்பமில்லை' என்று டிக் போட்டிருக்கிறார்கள். வேறு எதில் போடுவார்கள்? நாங்கள் கொடுத்த நான்கு பதிலில் இது இல்லையே.

பையன்கள் சுவர் ஓரம் போய்விட்டு வருவார்கள். அதனால் எங்கள் கண்ணில் படவே இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு மூன்று வெள்ளோட்டம் விட்டோம், ஒவ்வொன்றும் ஒரு வாரம்.

முதலாவதில் வகுப்பை நாலு மணியிலிருந்து ஐந்தேகாலுக்கு மாற்றினோம், அவர்கள் சந்திலேயே ஒரு வீட்டின் மாடிப் பரணில். ஒரு பாய், ஒரு பல்பு, சாக்பீஸ், அவ்வளவுதான் செலவு. ஆறு பேர் வந்தார்கள், வாரக் கடைசியில் பத்துப் பேர். ஆனால் மேலே தகரக் கூரை, நாலு மணிக்கு அனல் பறக்கிறது. ஒரு பிள்ளைக்கு மயக்கம் வந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவும் இப்போது வாடகை கேட்கிறார், அதில் தப்பில்லை.

இரண்டாவது, இரவு எட்டு முதல் ஒன்பது. அம்மாக்கள் இருவர் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, முடிந்ததும் வீடு வீடாக விட்டுவிட்டுப் போவார்கள் என்று ஏற்பாடு. தாளில் எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். மூன்றாம் நாளே நின்றது. பகல் முழுக்க நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவர்களிடம் இன்னொரு நடையைக் கேட்டிருக்கிறோம். மூன்று நாளில் தெரிந்தது நல்லது. செயலி மாதிரி ஒரு வருடம் இழுக்கவில்லை.

மூன்றாவது, அந்தப் பொதுச் சண்டாஸைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேசி, பெண்பிள்ளைகளுக்கு மையத்தின் செலவில் மாதப் பாஸ். பெண்கள் பக்கம் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதையும் போட்டோம். போகும்போது எங்கள் அக்கா ஒருவர் கூடப் போவார். இது நிற்கும் போலிருக்கிறது. இரண்டு பிள்ளைகள் திரும்ப வந்திருக்கிறார்கள், நோட்டில் தண்ணீர் எழுதாத அந்தப் பிள்ளையும்.

மூணாம்_சந்து

டீச்சர் நம்பர் குடுத்து எழுதச் சொன்னாங்க. நான் அந்தக் குழுவுல இருந்த அம்மா. பேசினா போன் எழுதிக்குது, அதனால பேசுறேன்.

எங்களை இதுக்கு முன்னாடி நிறைய பேர் வந்து கேட்டிருக்காங்க. பேர் என்ன, எத்தனை பிள்ளைங்க, சம்பளம் எவ்வளவு. எழுதிக்கிட்டுப் போவாங்க, திரும்பி வரமாட்டாங்க. இந்தத் தடவைதான் நீங்களே கேளுங்கன்னு நோட்டை எங்க கையில குடுத்தாங்க. நான் பக்கத்து வீட்டு நாலு அம்மாகிட்ட கேட்டேன். ஆம்பளை கேட்டா சொல்லாததை என்கிட்ட சொன்னாங்க. ராத்திரி வகுப்பு வேண்டாம்னு எனக்கு முதல்லயே தோணுச்சு, டீச்சர் ஆசையா இருந்தாங்கன்னு சொல்லல. அடுத்த தடவை முதல்லயே சொல்லிருவேன்.

எங்களுக்கு அந்த வாரம் வேலை கெட்டுச்சு, ஒருநாள் வீட்டுக்காரம்மா லீவுன்னு பிடிச்சுக்கிட்டாங்க. கூப்பிடுறவங்க அதையும் யோசிக்கணும்.

தொண்ணூறடி_ரோடு

அக்கா, நீங்கள் சொன்னது சரி. உங்கள் இருவருக்கும் ஒருநாள் கூலியாவது கொடுத்திருக்க வேண்டும், திட்டத்தில் அந்த வரியே நான் போடவில்லை. சயான் சார், இது எந்தத் தலைப்பில் வரும்?

சயான்_பேரேடு

'சமூக ஆய்வாளர் மதிப்பூதியம்' என்று திட்டச் செலவில் போடுங்கள். வவுச்சரில் அவர்கள் கையெழுத்து அல்லது கைநாட்டு, தேதி, எத்தனை மணி நேரம், அவ்வளவு போதும். வங்கிக் கணக்கு இருந்தால் அதிலேயே போட்டுவிடுங்கள், தணிக்கையில் கேள்வி வராது. டீக்காசு மாதிரி 'இதரச் செலவில்' ஒளிக்காதீர்கள். அவர்கள் செய்தது வேலை.

அந்தேரி_கிழக்கு

மூன்றில் ஒன்று தோற்றது, ஒன்று பாதி, ஒன்று தேறியது என்று நீங்கள் எழுதியதை அப்படியே எங்கள் மேலதிகாரியிடம் காட்டலாமா அக்கா? பெயர், இடம் எல்லாம் எடுத்துவிடுகிறேன். தோற்றதை எழுதி அனுப்பிய ஒரு அறிக்கையைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அதை எழுதாமல் செய்தது நாங்கள்தானோ என்று இப்போது நினைக்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: இதே ஏற்பாட்டை இன்னும் பத்து மையத்துக்குக் கொண்டுபோக முடியுமா?

தொண்ணூறடி_ரோடு

தாராளமாகக் காட்டுங்கள். பத்து மையத்துக்கும் மாதப் பாஸைக் கொண்டுபோகாதீர்கள். குறுக்கே மூன்று சந்து தள்ளி ராஜஸ்தான்காரர்கள் இருக்கிறார்கள், அங்கே தண்ணீர் வேறு நேரம், பிள்ளைகளுக்குச் சண்டாஸ் பக்கம்தான். அங்கே நிற்பதற்குக் காரணம் வேறாக இருக்கும். கொண்டுபோக வேண்டுமானால் நோட்டையும், இரண்டு தாய்மாருக்கான கூலியையும், மூன்று வாரத்தையும் கொண்டுபோங்கள்.

சீட்டா_கேம்ப்

மகளே, தகரக் கூரைக்கு ஒரு யோசனை. உள்பக்கம் மூங்கில் பாயை நாலு விரல் இடைவெளி விட்டு அடி. கூரைக்கும் பாய்க்கும் நடுவில் காற்று ஓடணும், இரண்டு முனையையும் அடைக்காதே. சாக்கும் போடலாம், ஆனால் மழைக்காலத்தில் நாறும். என் மருமகன் இன்னும் தச்சுவேலைதான் செய்கிறான், அழைத்துக்கொண்டு வருகிறேன். எந்த நாள் தோது?

மூணாம்_சந்து

ஞாயித்துக்கிழமை வாங்க ஐயா. காலையில தண்ணி கிடையாது, எல்லாரும் வீட்டுல இருப்போம். ஏணி எங்க வீட்டுல இருக்கு. பிள்ளைங்களும் வரட்டும், எந்த உயரத்துல அடிச்சா தலை இடிக்காதுன்னு அதுங்க நின்னு காட்டட்டும்.